ஓங்கிக் குட்டியதாகச் சொன்னேன்

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கோ, வென்ட், கான். கம், கேம், கம். ஈட், ஏட், ஈட்டன். அர்த்தம் புரிவதற்கு முன்பே வாய்க்குப் பழகிவிட்ட சொற்கள். ஓட்டுக் கூரைக்குக் கீழே நாற்பது பிள்ளைகள் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டு கத்தினால், உத்தரத்தில் இருக்கும் புறாக்கள் எல்லாம் எழுந்து வெளியே போய்விடும். மணி அடித்த பிறகுதான் திரும்பி வரும். அந்தப் புறாக்களுக்கும் பாதி வெர்ப் தெரிந்திருக்கும் என்று நாங்கள் சொல்லிச் சிரிப்போம்.

குட்டும் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும் என்பதால் எங்கள் பள்ளிக்கூடத்து வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சார் ஒரு வெர்ப் சொல்லி அதன் பாஸ்ட் டென்ஸ் கேட்பார். தெரியாதவர்கள் வரிசையாக எழுந்து நின்றுகொண்டே இருக்க வேண்டும். முதலில் யார் சரியாகச் சொல்கிறார்களோ, அவர்கள் நிற்பவர்கள் தலையில் எல்லாம் விரலை மடக்கிக் குட்டிக்கொண்டே போக வேண்டும். சாருக்குக் கை வலிக்காது. எங்களுக்குள் பகை வளரும். பகை வளர்ந்தால் படிப்பு வளரும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அவர் யார் என்று தெரிந்தால் எனக்கும் அவரிடம் கேட்க ஒரு கேள்வி உண்டு.

நான் சொல்ல வருவது எட்டாம் வகுப்பில் நடந்தது. திருத்துறைப்பூண்டி தாலுகாவில், ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர் எங்களுடையது. ஆட்சி மாறிய புதுசு. டீக்கடை வாசலில் புதுக் கொடி பறந்தது. பள்ளிக்கூடத்துச் சுவரில் இந்தி ஒழிக என்று தார் வைத்து எழுதியிருந்தது மட்டும் பழையது, மழைக்கும் போகவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த தெருவில் இன்னொரு கொடி, சிவப்பு. அறுவடைக் கூலியைக் கூட்டிக் கேட்டு அங்கே சங்கம் வைத்திருந்தார்கள். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நிலம் வைத்திருந்தவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடி, வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கி அறுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா அதற்கு முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க பண்ணையாளுங்க நாலு பேரை நான் விட மாட்டேன். அவங்க அப்பன் காலத்துலேர்ந்து நம்ம வயல்ல நிக்கறாங்க" என்று சொல்லிவிட்டார். மற்றவர்கள் அவரைக் கேலி செய்தார்கள். அப்பா நல்லவர் என்று நான் அப்போது நினைத்தேன். இப்போதும் அதை முழுக்க மறுக்க முடியவில்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்குத் தொல்லை.

அப்பா கும்பகோணம் காலேஜில் பி.ஏ. படித்தவர். படித்துவிட்டு ஒரு நாளும் வேலைக்குப் போனதில்லை. அந்தப் படிப்பு முழுவதும் மகளான என் மீதுதான் செலவழிந்தது. காலையில் கிணற்றடியில், தென்னை மரத்தில் மாட்டிய கண்ணாடி முன்னால் நின்று சவரம் செய்துகொண்டே வெர்ப் கேட்பார். கன்னத்தில் கத்தி இருக்கும்போது வாயை அசைக்க முடியாது. அதனால் புருவத்தால் கேட்பார். ஒரு புருவம் உயர்ந்தால் இரண்டாவது வடிவம். இரண்டு புருவமும் உயர்ந்தால் மூன்றாவது. நான் பல் தேய்த்துக்கொண்டே நுரையோடு சொல்வேன். அந்தச் சோப்பு வாசனை எங்கேயாவது வந்தால் இன்றும் எனக்கு நாக்கின் நுனியில் ஒரு வெர்ப் வந்து நிற்கும்.

அப்பாவுக்கு இங்கிலீஷில் சொந்த விருப்பு வெறுப்புகள் இருந்தன. சாப்பாட்டில் இருப்பதைப் போலவே. 'டிரீம்டு' என்று சொன்னால் முகத்தைச் சுளிப்பார், 'டிரெம்ட்' என்றுதான் சொல்ல வேண்டும். 'கெட்' என்பதன் மூன்றாவது வடிவத்தை 'காட்டன்' என்று யாராவது சொன்னால் அது துணி என்பார். சட்டையை மாட்டினால் 'ஹங்', மனிதனைத் தூக்கில் போட்டால் 'ஹேங்டு', இரண்டையும் கலந்து பேசுகிறவன் சட்டைக்கும் மனிதனுக்கும் வித்தியாசம் தெரியாதவன் என்பார். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, 'லைட்டட்'. விளக்கை ஏற்றினான் என்பதற்கு எங்கள் பாடப் புத்தகத்தில் 'லிட்' என்று போட்டிருந்தது. அப்பாவுக்கு அது பொறுக்காது. "லிட்டுங்கறது அவசரக்காரன் சொல்றது. லைட்டட். அதுலதான் மரியாதை இருக்கு. எங்க புரொபசர் அப்படித்தான் சொல்லுவார்." ஒரு சொல்லில் மரியாதை இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் அவரைக் கூப்பிடுவதில் 'ஆண்டே' போய் 'ஐயா' வந்துவிட்டதும் அவருக்கு அந்தக் கணக்கில்தான் வருத்தம்.

இனி அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் சொல்ல மாட்டேன். அவள் வகுப்பில் வாசலோரத்தில், தரையில் உட்காருவாள். அங்கே உட்கார் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. வேறெங்கேயும் உட்கார் என்றும் யாரும் சொன்னதில்லை. அவளுடைய அப்பா எங்கள் நாலு பண்ணையாட்களில் ஒருவர். வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டாவது வரை வந்த பெண் அவள் ஒருத்திதான்.

அவளிடம் புத்தகம் கிடையாது. என்னிடம் வெர்ப் அட்டவணை என்று ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. பழுப்புத் தாள் அட்டை போட்டு, ஓரம் எல்லாம் சுருண்டு, எண்ணெய்க் கறையோடு இருக்கும். மத்தியானம் நான் வீட்டுக்குச் சாப்பிடப் போகும்போது அதை அவளிடம் விட்டுப் போவேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. அவள் பதிலுக்குக் கொடுக்காப்புளி கொண்டுவந்து தருவாள், அதற்காகத்தான். எங்கள் அத்தை கல்யாணத்தில் மிஞ்சிய பத்திரிகைக் கட்டு ஒன்று அவள் அப்பா வழியாக அவளுக்குப் போயிருந்தது. அதன் பின்பக்கத்தில் எழுதிக்கொள்வாள். முன்பக்கம் சிரஞ்சீவி, சௌபாக்கியவதி. பின்பக்கம் பிரிங், பிராட், பிராட்.

நடவு சமயத்தில் அவள் பள்ளிக்கூடம் வர மாட்டாள். அம்மாவோடு நடவுக்குப் போவாள். ஒருநாள் அப்பாவோடு வரப்பில் போனபோது பார்த்தேன். முழங்கால் சேற்றில் குனிந்து நட்டுக்கொண்டிருந்தாள். வாய் முணுமுணுத்தது. ஒரு நாற்றுக்கு டேக், அடுத்த நாற்றுக்கு டுக், அடுத்ததற்கு டேக்கன். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "இவ நட்ட பயிரு இங்கிலீசுல வெளையப் போவுது" என்று ஒருத்தி சொன்னாள். அப்பாவும் சிரித்தார். அவருக்கு அது பிடித்திருந்தது. "புத்திசாலிப் பொண்ணு" என்று வீட்டில் வந்து சொன்னார். இதையும் நான் சொல்லிவிட வேண்டும்.

மூன்று வருஷமாக எங்களுக்கு இங்கிலீஷ் எடுத்த பழைய சார் உள்ளூர்க்காரர். அவள் சரியாகப் பதில் சொன்னால், "சரி, உக்காரு" என்பார். அப்புறம் நிற்பவர்களுக்கு அவரே அடிமட்டையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த வெர்புக்குப் போய்விடுவார். வேறு யார் சொன்னாலும் குட்டு உண்டு. அவள் சொன்னால் மட்டும் குட்டு இல்லை. ஏன் என்று யாரும் கேட்டதில்லை. வெளியே சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது, அவளுக்கும் சேர்த்து. அவள் பதில் சொல்வாள், உட்காருவாள்.

அந்த வருஷம் ஜூனில் புது சார் வந்தார். வெளியூர்க்காரர், சின்ன வயசு, சைக்கிளில் வருவார். வந்த ஒரு மாதத்தில் அவள் படிப்பைக் கவனித்துவிட்டார். எட்டாவது பாஸ் செய்ததும் திருத்துறைப்பூண்டியில் சர்க்கார் ஹாஸ்டலில் சேர்த்துவிடுகிறேன், மேலே படிக்கலாம் என்று அவள் அப்பாவிடம் சொல்லி, அதற்கான பாரத்தையும் வாங்கி வைத்திருந்தார். அந்தப் பாரம் மேஜை டிராயரில் இருப்பது வகுப்புக்கே தெரியும். அவள் டிராயரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

மார்கழி கடைசி. வயல் எல்லாம் தலை சாய்ந்துவிட்டது. அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருக்கும். காலையில் பனி விலகாத வகுப்பில், அதுவரை குட்டு வைக்காத சார், முதல் தடவையாகப் பழைய வழக்கப்படி வரிசையில் நிறுத்திக் கேட்டார்.

"லைட். வெளக்கேத்தறது. பாஸ்ட் டென்ஸ் சொல்லு."

பையன்கள் வரிசையில் எட்டுப் பேர் நின்றார்கள். அதில் என் பெரியப்பா மகனும் ஒருவன். பெண்கள் வரிசையில் முதலில் நான். எனக்குத் தெரியும். இரண்டும் தெரியும். 'லிட்' என்று சொல்லலாம், புத்தகத்தில் இருப்பது. ஆனால் சாயங்காலம் அப்பா கேட்பார். 'லைட்டட்' என்று சொல்லலாம். ஆனால் போன வாரம் 'டிரெம்ட்' என்று சொல்லி வகுப்பே சிரித்தது. எதைச் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாரின் விரல் என்னைத் தாண்டிப் போய்விட்டது. வாசலோரம் வரை போய் நின்றது.

"லிட், சார்" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு, பழக்கத்தில் உட்காரப் போனாள்.

"எங்க உக்கார்றே? போய்க் குட்டு" என்றார் சார்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். "வேணாம் சார்" என்றாள். சாருக்குக் கோபம் வந்தது, அவள் மேல் இல்லை. "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் இந்த வகுப்புல. போம்மா. பயப்படாத." அவர் நியாயம் செய்கிறார் என்று நினைத்தார். செய்தது நியாயம்தான். அதற்கான விலையை யார் கொடுக்கப் போகிறார்கள் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. அவர் சைக்கிளில் வந்து சைக்கிளில் போகிறவர்.

அவள் பையன்களுக்கு ஒழுங்காகக் குட்டினாள். பெரியப்பா மகன் 'ஸ்ஸ்' என்றான். என்னிடம் வந்தபோது கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை. பிறகு விரலை மடக்கி என் தலையில் வைத்தாள். வைத்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவள் விரல் என் முடியைத் தொட்டது, மண்டையைத் தொடவில்லை. அவ்வளவுதான். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஓங்கிக் குட்டியிருந்தால் அழுதிருப்பேன், மறந்திருப்பேன். மெதுவாகத் தொட்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் யார் என்பதும் அவள் யார் என்பதும் அந்தத் தொடலில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது போல இருந்தது.

நான் வீடு போவதற்கு முன்பே பெரியப்பா மகன் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தான். கூடத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள், லாரி விஷயம் பேச வந்தவர்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்ன வெர்ப்?" என்றார் அப்பா. யார் குட்டினார்கள் என்று அவர் முதலில் கேட்கவில்லை. என்ன வெர்ப் என்றுதான் கேட்டார்.

"லைட்."

"அது உனக்குத் தெரியாதா?"

அத்தனை பேர் முன்னால் அவர் முகத்தைப் பார்த்தேன். பி.ஏ. படித்தவர் மகளுக்கு விளக்கேற்றத் தெரியவில்லை என்று நாளைக்கே கேலி பேசுவார்கள். "நான் லைட்டட்னு சொன்னேம்ப்பா. சார் தப்புன்னுட்டாரு" என்றேன்.

எவ்வளவு எளிதாக வந்தது அந்தப் பொய்! அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே சிவந்ததையும் பார்த்தேன். தான் சொல்லிக்கொடுத்த சொல்லுக்காக மகள் குட்டு வாங்கியிருக்கிறாள். அதற்கு மேல் அவருக்கு எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

"ஓங்கிக் குட்டினாளா?" என்று அம்மா கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். அம்மா என் தலையைப் பிடித்து இழுத்து விரலால் தடவிப் பார்த்தாள். "ஐயையோ, வீங்கியிருக்குங்க" என்றாள். இல்லாத வீக்கம் எப்படி அவள் விரலுக்குத் தட்டுப்பட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றினாள். வெள்ளிக்கிழமையும் இல்லை, எண்ணெயும் வைக்கவில்லை. எதற்காக ஊற்றுகிறாள் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மார்கழிக் குளிரில் பல் அடித்துக்கொண்டது. எதற்கென்று எனக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்துகொண்டேதான் தலையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். கையில் டிக்ஷனரி. எழுத்துக்கு எழுத்து விரல் வைக்க ஓரத்தில் குழி வெட்டிய தடிப் புத்தகம், இருபது வருஷம் கழித்துக் கரையான் தின்று முடித்தது. சாரின் மேஜை மேல் அதைத் திறந்து வைத்தார்.

"இங்க பாருங்க. லைட்டட். போட்டிருக்கா இல்லையா?"

சார் குனிந்து பார்த்தார். "போட்டிருக்குங்க. லிட்டும் போட்டிருக்கு. ரெண்டும் சரிதாங்க. ஆனா உங்க பொண்ணு ரெண்டுல எதையும் சொல்லலீங்க. பேசாம நின்னுச்சு."

அப்பா என்னைப் பார்த்தார். "சொன்னியா, இல்லையா?"

"சொன்னேன்."

சார் வகுப்பைப் பார்த்தார். யாரும் தலையை நிமிர்த்தவில்லை. அப்புறம் அவர் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு அவர் மேலும் கோபம் வருகிறது. வாசலோரத்தைப் பார்த்து, "நீ சொல்லும்மா. இந்தப் பொண்ணு பதில் சொல்லுச்சா?" என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கண்ணை எடுத்து டிராயரைப் பார்த்தேன். ஏன் அங்கே பார்த்தேன் என்று தெரியவில்லை.

"எனக்குக் காதுல விழலீங்க சார்" என்றாள்.

அவள் எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா? இரண்டும் சரியாக இருக்கலாம். அப்பா டிக்ஷனரியை மூடிக்கொண்டு கிளம்பினார். அதோடு விட்டிருக்கலாம்.

சாயங்காலம் வெயில் இருக்கும்போதே அவள் அப்பாவை வரச் சொல்லி ஆள் போயிற்று. அவர் மகளையும் கூட்டிக்கொண்டு கொல்லைப் பக்கம் வந்து நின்றார், துண்டு கக்கத்தில். எங்கள் அப்பா மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெரியப்பாவும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள். என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்கள்.

"ஒம் பொண்ணு எம் பொண்ணு தலையில கை வச்சிருக்கா."

"தெரியாம நடந்துபோச்சுங்கய்யா. சாரு சொன்னாருன்னு செஞ்சிருக்கு. புத்தி இல்லீங்க அதுக்கு." அவர் மகளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "மன்னாப்பு கேளு."

அவள் கேட்கவில்லை. "மெதுவாத்தாங்க தொட்டேன்" என்றாள். அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

அப்பா என் பக்கம் திரும்பினார். கோபமாக இல்லை. அதை நான் அழுத்திச் சொல்கிறேன், நீங்களும் நம்ப வேண்டும். அவர் கண்ணில் ஒரு சந்தேகம் இருந்தது. நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் அதை ஏற்றுக்கொண்டிருப்பார். "மெதுவாவா குட்டினா?" என்று கேட்டார்.

ஒரு சொல் போதும். அதற்கு இலக்கணம் வேண்டாம், டிக்ஷனரி வேண்டாம். ஆமாம்.

"இல்லப்பா. ஓங்கித்தான் குட்டினா" என்றேன்.

அவள் அப்பா விரலை மடக்கினார். நெல் மூட்டை தூக்கும் கை. ஓங்கி அவள் உச்சந்தலையில் ஒன்று வைத்தார். அந்தச் சத்தம் கொட்டகையில் மாடு திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கேட்டது. அவள் அழவில்லை. இரண்டாவதும் வைத்தார். அவர் அவளை அடிக்கவில்லை, அறுப்பைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. நாங்கள் அடிப்பதற்கு முன்னால் தானே அடித்துவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நினைத்தார்.

மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது, "போதும் விடு, பச்சப்புள்ள" என்றார் எங்கள் அப்பா. அதைச் சொன்ன பிறகு அவர் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது. தான் இரக்கப்பட்டுவிட்டதாக நினைத்தார்.

"அறுப்புக்கு வந்துடறேங்கய்யா" என்றார் அவர்.

"பாப்போம்" என்றார் அப்பா.

பெரியப்பா அந்தப் 'பாப்போம்' போதாது என்றார். இந்த வீட்டுப் பெண் தலையிலேயே கை வைத்துவிட்டார்கள், இன்னும் என்ன நம்ம ஆளு என்று கூடத்தில் ஒரு வாரம் பேசினார்கள். அப்பா நாலு பேரையும் விட்டுவிட்டார். லாரி வந்தது. தெற்கேயிருந்து வந்த முகம் தெரியாத ஆட்கள் முதலில் இறங்கி அறுத்தது, அவள் டேக், டுக், டேக்கன் என்று நட்ட வயலைத்தான். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் வரப்பில் அவர்கள் வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர்கள் நடுவில் நின்றார்கள். நான் அப்பாவுக்குக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வரிசையில் அவளைத் தேடினேன், கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டே.

அவர்கள் குடும்பத்தோடு பாபநாசம் பக்கம் அறுப்பு வேலைக்குப் போய்விட்டார்கள் என்று அப்புறம் தெரிந்தது. அவள் திரும்பிப் பள்ளிக்கூடம் வரவில்லை. சார் இரண்டு தடவை சைக்கிளில் அந்தத் தெருவுக்குப் போய்ப் பூட்டிய குடிசையைப் பார்த்துவிட்டு வந்தார். பாரம் டிராயரிலேயே கிடந்தது. மாசி மாதம் சாருக்கு மாற்றல் வந்தது. அதற்கு முன்பே மேலிடத்துக்கு ஒரு இங்கிலீஷ் கடிதம் போயிருந்தது. எழுதியது யார் என்று எனக்குத் தெரியும். அதில் ஒரு வெர்ப்கூடத் தப்பாக இருந்திருக்காது.

பரீட்சையில் இங்கிலீஷில் நான்தான் முதல். அப்பா பவுண்டன் பேனா வாங்கிக் கொடுத்தார். பச்சை நிறம், தங்க மூடி. அதை நான் தொலைத்துவிட்டேன் என்று வீட்டில் சொன்னேன். வாய்க்காலில் போட்டேன் என்பதுதான் உண்மை. அதைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டேன். யாரும் பார்க்காத இடத்தில் பேனாவைப் போடுவதற்கு என்ன தைரியம் வேண்டும்?

அப்புறம் நானே இங்கிலீஷ் டீச்சர் ஆனேன், கும்பகோணத்தில். என் வகுப்பில் குட்டு கிடையாது. ரொம்ப அன்பான டீச்சர் என்று பிள்ளைகள் சொல்வார்கள். 'லிட்' என்று எழுதினாலும் 'லைட்டட்' என்று எழுதினாலும் மார்க் போடுவேன். தாராளமான கை என்பார்கள். அன்பும் இல்லை, தாராளமும் இல்லை. அந்த இரண்டு சொல்லையும் சிவப்பு மையால் தொட எனக்குக் கை வராது. அப்பாவிடம் கடைசி வரை உண்மையைச் சொல்லவில்லை. படுக்கையில் கிடந்தபோதுகூட, "அந்த வாத்தியானுக்கு லைட்டட் தெரியலியே" என்று ஒரு நாள் சொன்னார். ஆமாம்ப்பா என்றேன். அந்த ஆமாம் அப்போது எளிதாக வந்தது.

போன வருஷம் தம்பி மிச்சமிருந்த நிலத்தை விற்றான். கையெழுத்துப் போட நானும் திருத்துறைப்பூண்டி ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனேன். வாங்குகிறவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார், அம்மா பெயருக்கு வாங்குகிறார் என்று மட்டும் தெரியும். வராந்தா பெஞ்சில் நரைத்த தலையோடு, கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு பெண் பத்திர நகலை வரி வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். படிக்கும்போது வாய் முணுமுணுத்தது. அந்த வாயைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நீ..." என்று ஆரம்பித்து, "நீங்க..." என்று திருத்திக்கொண்டேன்.

"தெரியுது டீச்சர். டீச்சராயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்" என்றாள். கோபம் இல்லை, சந்தோஷமும் இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரிப் பேசினாள்.

ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒத்திகை பார்த்த பேச்சு எல்லாம் போய்விட்டது. "அன்னைக்கு நீங்க மெதுவாத்தான் தொட்டீங்க. நாந்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

"அது எனக்குத் தெரியாதா? எங் கைதானே" என்றாள். காகிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "ஒங்களுக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். எனக்கு ஓங்கிக் குட்டணும்னுதான் இருந்துச்சு. மூணு வருசமா பதில் சொல்லிட்டு உக்காந்துகிட்டே இருந்தேனே. ஒங்ககிட்ட வந்ததும் கை வரல. அப்பறம் எங்கப்பா கையால வாங்குனப்ப, இதுக்கு ஓங்கியே குட்டியிருக்கலாமேன்னு நெனச்சுகிட்டேன். அது ஒண்ணுதான் டீச்சர் எனக்கு வருத்தம்."

அந்த வயதிலேயே நின்றுவிட்ட ஒருத்தி எனக்குள் இருந்து, "இப்பக் குட்டிடுங்க" என்றாள். வாய்விட்டே சொல்லிவிட்டேன். சொன்னதோடு நிற்காமல், பெஞ்சில் உட்கார்ந்தபடியே அவள் பக்கமாகத் தலையைக் குனிந்தேன். வெட்கம் கெட்ட கண்ணீர் வேறு.

அவள் கை வரவில்லை. குரல்தான் வந்தது, மெதுவாக, அவசரமாக.

"டீச்சர், தலைய நிமித்துங்க. நாலு பேரு பாக்கறாங்க. நாந்தான் ஒங்கள ஏதோ சொல்லிட்டேன்னு நெனப்பாங்க."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து, பாவாடை இல்லாத காலத்திலும் அதே மாதிரி, கையைப் புடவையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட உள்ளே போனாள்.